கப்பலில் சமைத்தது யார்?

ஸ்ட்ராத்ஃபீல்டில் ரயில் ஏறிய கணவனும் மனைவியும் என் முன் இருக்கையில் உட்கார்ந்தார்கள். கணவர் மகளின் பள்ளிக்கூட ப்ராஜெக்ட்டைக் கைபேசியில் பார்த்துக்கொண்டு வந்தார். கப்பலில் போய் அமெரிக்காவில் ஆரம்ப காலத்தில் குடியேறிய ஆங்கிலேயர்களில் முக்கியமானவர்களைப் பற்றியது. நான் ஒட்டுக்கேட்கவில்லை, இருவரும் மெல்லப் பேசவில்லை.

"இஞ்ச பாரும், கரையில இறங்க முதலே, கப்பல்லயே தலைவரைத் தெரிவு செய்திட்டினம்."

"எங்கட தமிழ்ச் சங்கம் மாதிரி."

"தலைவர், போதகர், படைத்தளபதி, எல்லாற்ரை படமும் கிடக்கு. நானும் ஒரு தலைவர் எண்டபடியால் சொல்லுறன், லேசான வேலையில்லை."

"சமைச்சது ஆர்?"

அவர் கைபேசியை மேலும் கீழும் தள்ளித் தேடினார்.

"அது போடேல்லை."

"எங்கட ஆண்டு மலரிலயும் போடேல்லை. ஒவ்வொரு கூட்டத்துக்கும் பிட்டு அவிக்கிறது நான், படம் உங்கட."

"இப்ப ஏனப்பா அந்தக் கதை?"

"சரி, விடுங்கோ. பிறகு அந்த ஆக்களுக்கு என்ன நடந்தது?"

"முதல் குளிருக்குள்ளயே பாதிப் பேர் செத்துப்போச்சினம்."

"சாப்பாடு இல்லாமலோ?"

"ஓம், அதுவும் ஒரு காரணமாம்."

"சனிக்கிழமைக் கூட்டத்துக்கு எத்தினை பேர் வருகினம் எண்டனீங்கள்?"