இடமிருந்து வலம்

டங்கன்: மொதல்ல அந்தப் பேனாவை உள்ள வைங்கம்மா. இது யூனிவர்சிட்டி ஆவண ரூம், இங்க பென்சில் மட்டும்தான். பழைய படம்லாம் இருக்கு, மை பட்டா போச்சு.

ஒரிஸ்யா: பேனா கூடாது. கத்திரி மட்டும் பரவால்லயா?

டங்கன்: கத்திரியா? இங்க யாரு கத்திரி வச்சிருக்கா?

ஒரிஸ்யா: நீங்கதான். சனிக்கிழமை பேப்பர்ல உங்க சரித்திரப் புஸ்தகத்தோட புது பதிப்பு அட்டையைப் போட்டிருந்தாங்களே, இந்தாங்க. எண்ணுங்க.

டங்கன்: எதை?

ஒரிஸ்யா: தலையை.

டங்கன்: ...ஆறு.

ஒரிஸ்யா: இது பழைய பதிப்பு. நூத்திப் பன்னெண்டாம் பக்கம். அதே படம். விஷக்காய்ச்சல் வருஷம், மாணவர் விடுதியை ஆஸ்பத்திரியா மாத்தினப்ப எடுத்தது. இதுல எண்ணுங்க.

டங்கன்: ஏழு. எண்ண வேண்டியதில்லை, எழுதினதே நான்தான். அட்டைக்கு அகலம் பத்தல. ஓரத்துல நின்ன ஒருத்தரை... கொஞ்சம் ஒதுக்கிட்டாங்க.

ஒரிஸ்யா: ஒதுக்கிட்டாங்க! பனியை ஒதுக்கற மாதிரி! யாரு அந்த ஓரத்து ஆளு?

டங்கன்: கீழயே இருக்கு பாருங்க. 'இடமிருந்து வலம்: செல்வி மில்டிரெட் கோல்...' அப்புறம் வரிசையா ஒரு நர்ஸு, டாக்டரு, ஒரு மாணவி, பாதிரியாரு, இன்னொரு நர்ஸு... கடைசியா, 'சமையலறைப் பெண், பெயர் தெரியவில்லை.'

ஒரிஸ்யா: பேர் தெரியலைன்னா வெட்டிடலாமா?

டங்கன்: நான் அப்படிச் சொல்லல...

ஒரிஸ்யா: பாதிரியாரோட குதிரை பேரு கூட இந்தப் புஸ்தகத்துல இருக்கு. முப்பத்தி ரெண்டாம் பக்கம். ஆத்து மேல எத்தனை பாலம்னு நாலு புஸ்தகம் எழுதியிருக்கீங்க. பாலத்துக்குப் பேர் இருக்கு, தானியக் கிடங்குக்குப் பேர் இருக்கு, குதிரைக்குப் பேர் இருக்கு. மூணு வேளையும் சூப்பு சுமந்தவளுக்குக் கிடையாது!

டங்கன்: உக்காருங்கம்மா. வெளிய மைனஸ் முப்பது டிகிரி குளிரு, உள்ள வந்ததும் இப்படிக் கத்தினா நெஞ்சு அடைச்சுக்கும். நீங்க யாரு, அந்தச் சமையல் பொண்ணுக்குச் சொந்தமா?

ஒரிஸ்யா: நான் ஒரிஸ்யா. இருபதாவது தெருவுல நாப்பது வருஷமா துணி தைக்கறவ. கோட்டு, உள்கோட்டு, கல்யாண கவுனு. உங்க பேராசிரியருங்க பாதிப் பேரோட இடுப்பளவு எனக்குத் தெரியும்.

டங்கன்: அப்ப ரகசியம்லாம் உங்ககிட்டதான் இருக்கு.

ஒரிஸ்யா: சிரிக்காதீங்க. டாக்டரோட கோட்டைப் பாருங்க. பொத்தான் எந்தப் பக்கம்?

டங்கன்: ...பொத்தானா?

ஒரிஸ்யா: ஆம்பளைக் கோட்டு எப்பவும் இடது மடி மேல வரும். இங்க வலது மடி மேல. பொம்பளைக் கோட்டு மாதிரி. சரி, அவசரத்துல பொண்டாட்டி கோட்டை மாட்டிட்டு வந்துட்டாருன்னே வச்சுப்போம். பாதிரியாருக்கு? அவருக்குப் பொண்டாட்டியே கிடையாதே!

டங்கன்: ம்...

ஒரிஸ்யா: நெகடிவ்வா இருந்த கண்ணாடித் தகட்டைப் புரட்டி வச்சு பிரிண்ட் போட்டிருக்காங்க. தகட்டோட உறை மேல பேரெல்லாம் வரிசையா, சரியாத்தான் எழுதியிருக்கணும். படம் மட்டும் திரும்பிடுச்சு. அப்ப மொதல் ஆளு கடைசி. கடைசி ஆளு மொதல். நீங்க மில்டிரெட்னு காட்டறது சமையல் பொண்ணோட முகம். சமையல் பொண்ணுன்னு ஒதுக்கினீங்களே, அதுதான் மில்டிரெட்! நாளைக்குப் பட்டமளிப்பு மண்டபத்துல மூணு மாடி உயரத்துக்கு இந்த அட்டைப் படத்தைத் தொங்க விடப் போறீங்க. 'தன்னுயிர் தந்த மாணவி.' காய்ச்சல்காரங்களைப் பாத்துக்கிட்டு, அதே காய்ச்சல்ல இருபது வயசுல செத்த பொண்ணு. அவளைக் கொண்டாடற அட்டையிலேயே அவளை வெட்டிப் போட்டிருக்கீங்க!

டங்கன்: மெதுவா...

ஒரிஸ்யா: என்ன மெதுவா? இதைக் கேட்டு நீங்க துள்ளிக் குதிக்க வேணாமா? 'ஐயோ'ன்னு தலையில கை வைக்க வேணாமா? பொத்தானைக் காட்டினேன். முகத்துல ஒரு மாத்தமும் இல்ல.

டங்கன்: ...எனக்குத் தெரியும்.

ஒரிஸ்யா: எது தெரியும்?

டங்கன்: படம் திரும்பினது. மொதப் பதிப்பு வந்த மூணாவது மாசமே தெரியும்.

ஒரிஸ்யா: தெரிஞ்சேதான் இன்னும் ரெண்டு பதிப்பு போட்டீங்களா?

டங்கன்: ஒரு அம்மா வந்தாங்க. எழுபது தாண்டியிருக்கும். தலையில பூப்போட்ட துணி. பனிக்காலணியைக் கழட்டி வாசல்ல ஒழுங்கா வச்சுட்டு, காலுறையோட உள்ள வந்தாங்க. இதோ, இந்த மேஜைதான். பக்கத்தைத் திறந்து, மில்டிரெட்னு போட்டிருந்த முகத்து மேல விரலை வச்சு, 'இது நான்'னாங்க.

ஒரிஸ்யா: நம்பினீங்களா?

டங்கன்: கையை நீட்டினாங்க. இடது மணிக்கட்டுல அடுப்புச் சுட்ட தழும்பு. படத்துல வலது கையில இருக்கு. உடனே ஓடிப் போய்த் தகட்டை எடுத்து வெளிச்சத்துல பிடிச்சேன். அவங்க சொன்னது சரி. உறை மேல, 'சமையல்கட்டு, கலீசியப் பொண்ணு'ன்னு இருந்துச்சு. பேரு இல்ல.

ஒரிஸ்யா: கலீசியப் பொண்ணு! உக்ரைன்லேர்ந்து வந்த ஜனத்துக்கெல்லாம் அந்த ஒரே பேருதான். மாட்டுக்கு வைக்கிற மாதிரி... சரி. அப்புறம்?

டங்கன்: அடுத்த பதிப்புல திருத்திடறேன்னேன். வேணாம்னுட்டாங்க.

ஒரிஸ்யா: வேணாம்னா உடனே சரின்னுட்டீங்களா?

டங்கன்: கேளுங்க! மில்டிரெட் சாகற வரைக்கும் பக்கத்துல இருந்தது இவங்கதானாம். நர்ஸுங்களும் படுத்துட்டாங்க. இவங்கதான் உடம்பைத் துடைச்சு, தலைவாரி விட்டாங்களாம். 'அவ இருபதுல போயிட்டா. நான் இவ்வளவு நாள் இருந்துட்டேன். அவ பேரைச் சொல்லி என் முகத்தைப் பாக்கறாங்கன்னா பாத்துட்டுப் போகட்டும். அவளுக்கு நான் வேற என்ன குடுக்க முடியும்'னாங்க. யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு என் கையைப் பிடிச்சு சத்தியம் வாங்கினாங்க.

ஒரிஸ்யா: ரொம்ப வசதியாப் போச்சு உங்களுக்கு.

டங்கன்: என்னது?

ஒரிஸ்யா: அவங்க குடுத்தது பெரிய மனசு. நீங்க வாங்கிக்கிட்டது சோம்பேறித்தனம். பேராவது கேட்டீங்களா?

டங்கன்: ...கேக்கல.

ஒரிஸ்யா: பேரைக் கூடக் கேக்கல! மேஜைக்கு அந்தப் பக்கம் உக்காந்து, உங்க கையைப் பிடிச்சுட்டு இருந்தவங்க பேரு! அப்புறமும் ரெண்டு தடவை, 'பெயர் தெரியவில்லை'ன்னு அச்சடிச்சீங்க!

டங்கன்: வெக்கமாத்தான் இருக்கு. கேட்டிருந்தா போட்டிருப்பேன், போட்டா சத்தியம் போயிடும்னு... இல்ல, அதுவும் சாக்குதான். கேக்கத் தோணல.

ஒரிஸ்யா: அட்டையில வெட்டினப்பவாவது உறைக்கலையா?

டங்கன்: வெட்டினப்புறம்தான் எனக்குக் காட்டினாங்க. ரெண்டு ராத்திரி தூங்கல. சொன்னா எப்படித் தெரியும்னு கேப்பாங்க. முப்பத்தி நாலு வருஷப் பொய்யின்னு ஆகிடும்.

ஒரிஸ்யா: ஆகட்டும்.

டங்கன்: அட்டை அச்சகத்துக்கு நாலு மணிக்குப் போகுது. இப்பவே போன் பண்ணா நிறுத்தலாம். நாளைக்குத் தொங்கப் போற படத்தையும் நிறுத்தலாம். ஆனா... அந்தம்மாவுக்கு வாக்குக் குடுத்திருக்கேன். அவங்க உயிரோட இருக்காங்களா இல்லையான்னு கூடத் தெரியாது. நான் எப்படி...

ஒரிஸ்யா: போன வசந்தத்துல எங்கம்மாவை அடக்கம் பண்ணி இருபத்தி ஒண்ணாவது வருஷம் முடிஞ்சுது. பேரு பரஸ்கா. அவங்க உங்களைப் பாக்க வந்த அன்னைக்கு வெளிய காரை அணைக்காம உக்காந்திருந்தது நான்தான். வீடு போய்ச் சேர்றதுக்குள்ள எங்கிட்டயும் அதே சத்தியத்தை வாங்கிட்டாங்க. நானும் இத்தனை வருஷம் வாயைத் திறக்கல. ஆனா எங்கம்மா தன் முகத்தைத்தான் அந்தப் பொண்ணுக்குக் குடுத்தாங்க, அந்தப் பொண்ணு முகத்தை வெட்டச் சொல்லல. போனை எடுங்க, டங்கன்... அப்புறம் அந்தப் பென்சிலை இப்படிக் குடுங்க. உறை மேல பேரை நானே எழுதறேன்.