தப்பைச் சொல்லிவிட்டுக் குடி

கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள் கண்ணுங்களா, ஃபேன் காற்று இந்தப் பக்கம்தான் வரும். சொம்பில் தண்ணீர் இருக்கிறது. இப்போது தொட வேண்டாம், கதை முடிந்ததும் குடிக்கலாம். ஒரு நல்ல ஆட்டக்காரியின் கதை சொல்கிறேன். அவள்மேல் என்னைப்போல் பிரியம் வைத்தவர்கள் குறைவு.

திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு பெண்கள் கல்லூரியில் நான் ஃபுட்பால் கோச். இருபத்தாறு வருஷம் ஆகிறது. ஓய்வு வயது தாண்டியும் என்னை விடவில்லை. எனக்கு யாரும் ஆட்டம் சொல்லித் தரவில்லை. ராயபுரத்தில் ஹார்பர் பையன்கள் ஆடுவதை மதில்மேல் உட்கார்ந்து பார்த்துக் கற்றுக்கொண்டேன். திருத்த ஆள் இல்லாத குறை எனக்குக் கடைசிவரை இருந்தது. அதனால் என் பிள்ளைகளைத் திருத்தாமல் விடுவதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

வருஷா வருஷம் ஆடியில், போட்டிகள் தொடங்கும் முன் இருபத்தொரு நாள் பயிற்சி. அதில் எனக்கு ஒரு முறை உண்டு. தண்ணீர் கேனுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருவேன். குடிக்க வருகிறவள் முதலில் தன் தப்பைச் சொல்ல வேண்டும்.

"பாஸ் லேட்டு மிஸ்."

குடி.

"ஆளை மார்க் பண்ணாம வுட்டுட்டேன் மிஸ்."

குடி.

பிள்ளைகள் சிரித்துக்கொண்டேதான் சொல்வார்கள். கோல்கீப்பர் சபீஹா, "பொறந்ததே தப்பு மிஸ், ரெண்டு டம்ளரா குடுங்க" என்பாள். நாலு தடவை கோப்பை வாங்கியது இந்த முறையால்தான்.

பவானி லெப்ட் விங்கில் ஆடுகிறவள். எண்ணூர்க் குப்பத்துப் பெண். அம்மா அங்கம்மா மீன் கூடை சுமந்து படிக்க வைத்தாள். பல்கலைக்கழக அணியில் மகளுக்கு இடம் கிடைக்க வேண்டும் என்று அம்மனுக்கு வேண்டிக்கொண்டு, அந்த ஆடியில் மகள் கையில் காப்பு கட்டியிருந்தாள். காப்பு கட்டினால் பொழுது சாயும்வரை சோறு கிடையாது. தண்ணீர், மோர் குடிக்கலாம். இது எனக்கு நன்றாகத் தெரியும். நானும் இந்தக் கரையில் பிறந்தவள்தானே.

பதினோராம் நாள். காற்றே இல்லை, தூரத்துப் புகைபோக்கியில் புகை நேராக நின்றது. பத்தரை மணிக்குப் பவானி தண்ணீர் குடிக்க வந்தாள்.

"இன்னா தப்பு?" என்றேன்.

யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள். "இன்னிக்கி ஒண்ணும் இல்ல மிஸ்."

"தப்பு இல்லாத ஆட்டம் ஒலகத்துலயே கெடையாது. போய்த் தேடிக்கினு வா."

அரைமணி கழித்து மறுபடி வந்தாள். உதடு வெளுத்திருந்தது. "தேடிப் பாத்தேன் மிஸ். இல்லாதத எப்டிச் சொல்றது? காப்பு கட்டிக்கினு பொய் சொல்லக் கூடாது."

"அப்ப பத்து ரவுண்டு ஓடு."

சபீஹா பாட்டிலோடு அவள் பின்னாலேயே ஓடினாள். "ஏதாச்சும் ஒண்ணு சொல்லித் தொலையேன்டி. பாவம் வந்தா எங்கணக்குல வெச்சிக்க." நான் அந்தப் பாட்டிலை வாங்கி மண்ணில் கவிழ்த்தேன். கத்தவில்லை. நான் ஒருநாளும் பிள்ளைகளிடம் கத்தியதில்லை.

ஏழாவது ரவுண்டில் விழுந்தாள். நடிக்கிறாள் என்று நினைத்தேன் என்றால் அது பொய். அவளுக்கு நடிக்க வராது. எழுந்து ஒரே ஒரு தப்பைச் சொல்லிவிடுவாள் என்று காத்திருந்தேன். மற்றவர்கள் ரெண்டு ரவுண்டு ஓடி முடிக்கும் நேரம் காத்திருந்தேன். அவள் கண் திறக்கவே இல்லை. சாயங்காலத்துக்குள் போய்விட்டாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டபோது, "விரதம்ங்க, தண்ணிகூட வேணாம்னுட்டா" என்றேன். போலீசும் அதையே எழுதிக்கொண்டார்கள். சபீஹா மட்டும் உண்மையைச் சொன்னாள். மற்ற பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தார்கள். இருபத்து மூணு வருஷத்துக் கோச்சின் பேச்சா, பத்தொன்பது வயசு சபீஹாவின் பேச்சா என்று வந்தபோது எல்லோரும் என் பக்கம் நின்றார்கள்.

காரியம் முடிந்த மறுநாள் அங்கம்மா என் வீட்டுக்கு வந்து காலைத் தொட்டாள். "நாந்தான் மிஸ் கயிறு கட்டி எம் பொண்ணக் கொன்னுட்டேன். உங்களுக்கும் பேஜாராப் பூட்ச்சி. மன்ச்சிக்கங்க."

அவளைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தேன். "பரவால்லம்மா" என்றேன். மன்னித்துவிட்டேன். இப்போதெல்லாம் தெருவில் அம்மன் புறப்பாடு வந்தால் அவள் கதவைச் சாத்திக்கொள்கிறாளாம். மூணு ஆடி ஆகிறது.

இனி என் தப்பைச் சொல்கிறேன். அன்று காலை முழுக்க அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். காலைப் பார்த்தேன், தோளைப் பார்த்தேன், பந்து வருமுன்னே அவள் கண் போகிற இடத்தைப் பார்த்தேன். ஒரு தப்பும் இல்லை. நான் திருத்த ஒன்றுமே மிச்சமில்லாத ஒரு பெண் தாகத்தோடு என் முன்னால் நின்றாள். ஆமாம்டி, இல்லைதான் என்று ஒரு டம்ளர் கொடுத்திருக்கலாம். என்னால் முடியவில்லை. அவளைக் கொன்றது காப்பும் இல்லை, விரதமும் இல்லை. நான் கொன்றேன்.

அங்கம்மாவிடமும் சொல்லத்தான் போகிறேன். இந்த சீசன் முடியட்டும் என்றிருக்கிறேன். நடுவில் சொன்னால் பிள்ளைகள் மனசு கலங்கிவிடும், பாருங்கள்.

சரி, அந்தச் சொம்பைக் கொடுங்கள். தப்பைச் சொல்லிவிட்டேன், முதல் மடக்கு எனக்கு. இப்போது நீங்களும் குடியுங்கள் கண்ணுங்களா. உங்கள் வீட்டுக் குடம் என்றைக்கும் வற்றாமல் இருக்கட்டும். உங்கள் வீட்டுப் பெண் பிள்ளைகள், என்னைப்போல் அக்கறையுள்ள ஒருத்தி கையில் வளரட்டும்.