தின்னர் போட்டுத் துடைத்த வால்வுகள்

செங்கல்பட்டு ரயில் கூடுவாஞ்சேரியைத் தாண்டியதும், பழைய கிட்டார் ஆம்ப்ளிஃபையரை மடியில் வைத்திருந்தவர் பக்கத்திலிருந்த நண்பரிடம் சொன்னார்.

"ஆயுத பூஜைக்கு இதுக்குள்ள இருக்கற கண்ணாடி வால்வெல்லாம் கழட்டி, தின்னர் போட்டுத் தொடச்சிட்டேன், மச்சான்."

"அதுமேல நம்பர் இருக்குமே?"

"போயிடுச்சி. எது எங்க மாட்றதுன்னே தெர்ல."

"எந்த வருசத்து மாடல்னு தெரிஞ்சா கண்டுபுடிக்கலாம். பொட்டி பின்னால அடிச்சிருப்பான் பாரு."

"அதுமேல பெயின்ட் அடிச்சிட்டேன்."

"பொட்டு வெச்சியா?"

"வெச்சேன்."

"நல்லா வெச்ச. ரிப்பேர் கடைக்காரரு இன்னா சொன்னாரு?"

"தப்பா மாட்னா உள்ள எரிஞ்சிடுமாம். எடுத்துனு போன்னுட்டாரு."

"அப்ப நாளைக்குக் கச்சேரி?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"கீபோர்டுக்கு ஆள் புடிச்சிட்டாங்க. இனிமே குரூப்புக்கு கிட்டாரே வேணாமாம்."