கேமராவுக்குக் கட்டிய கறுப்பு வலை

அவையை அணி செய்யும் மாதர் சங்கத் தலைவி திருமதி செல்வநாயகி அவர்களே! முன்வரிசையில் முகம் மலர்ந்திருக்கும் மூத்தோர்களே! சமைத்த களைப்போடும் சிரித்தபடி வந்திருக்கும் தாய்மார்களே! நாற்காலி போதாமல் வாசலில் நிற்கும் தம்பிமார்களே! லெட்சுமியின் பணிவான வணக்கம்.

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். என் பேரப்பிள்ளைகள் நிற்கவில்லை! ஹரீஷ், மாக் மண்டின் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். சுபாஷினி, சிம்பாங் அம்பாட்டில் ஆசிரியை. கடைக்குட்டி காமினி, கல்யாண வீடுகளில் கேமரா பிடிப்பவள். அங்கே என்ன சிரிப்பு? படம் பிடிப்பதெல்லாம் ஒரு வேலையா என்றுதானே? கேளுங்கள்.

நம் தலைவியின் மகள் சுதர்ஷினி, இதோ இங்கேதான் இருக்கிறாள். சொல்லலாமாம்மா? தலையாட்டுகிறாள். முகமெங்கும் அம்மைத் தழும்பு. பல வருஷமாக எந்தப் படத்திலும் அவள் நின்றதில்லை. வாட்ஸ்அப்பில்கூட அவள் முகத்துக்குப் பதிலாக ஒரு ரோஜாப்பூ! கல்யாணம் வந்தது. காமினியிடம் சொன்னாள்: "கம்ப்யூட்டர்ல முகத்தை வழிச்சு என்னை வேற ஆளாக்கிடாத லா. தழும்பு மட்டும் முன்னால வந்து நிக்காம இருந்தா போதும்."

காமினி என்ன செய்தாள்? சூலியா தெருவில் பெண்கள் காலில் போடும் மெல்லிய கறுப்பு ஸ்டாக்கிங் புதிதாக வாங்கினாள். வெட்டினாள், லென்ஸின் மேல் இழுத்தாள், ரப்பர் போட்டுக் கட்டினாள். வலைக்குள் நுழையும் வெளிச்சம் கொஞ்சம் கலையும். தழும்பின் விளிம்பு மெலியும். விளக்கைச் சுற்றி ஒளி விரியும். அவ்வளவுதான்.

மணவறை முன்னால் போய் நின்றாள். தலைவியம்மா பார்த்துவிட்டார்! "என்ர பிள்ளையின்ர கலியாணத்தில கறுப்புத் துணியோ? கழட்டு பிள்ளை!"

பாருங்கள், தலைவியம்மாவே சிரிக்கிறார்! "சொல்லுங்கோ, சொல்லுங்கோ" என்கிறார்.

காமினி கறுப்பைக் கழற்றினாள். பையிலிருந்த வெள்ளை வலையைக் கட்டினாள். வெள்ளை வலை என்ன செய்யும்? விளக்கு வெளிச்சத்தை வாங்கிப் படம் முழுக்கப் பூசிவிடும். கூந்தல் சாம்பல்! கூறைச் சேலை வெளுப்பு! முகம் புகைமூட்டம்! கேமராவின் சின்னத் திரையில் பார்த்த சுதர்ஷினி, "எனக்குப் படமே வேணாம்" என்று திரும்பிக்கொண்டாள்.

ஐயர் தாலித்தட்டைக் கையில் எடுத்துவிட்டார். வலையில்லாமல் எடுப்பதா? படமே இல்லாமல் விடுவதா? யார் வாய் திறப்பது? மணப்பெண்ணே திறந்தாள்! கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள்.

"அம்மா, காலையில நீங்க வெச்ச திருஷ்டிப் பொட்டு என்ன கலர்?"

தலைவியம்மா பொட்டைப் பார்த்தார். வலையைப் பார்த்தார். "சரி, கட்டு பிள்ளை. கெதியாக் கட்டு, நேரம் போகுது!"

படத்தில் கறுப்பு கறுப்பாகவே நின்றது. சிவப்பு சிவப்பாகவே நின்றது. தழும்பும் இருந்தது, சிரிப்புக்குப் பின்னால் இருந்தது! மறுநாள் வாட்ஸ்அப்பைத் திறந்தேன். ரோஜாவைக் காணோம். சுதர்ஷினி இருந்தாள்!

தாய்மார்களே! நம் சங்கத்தின் பேஸ்புக் பக்கத்தில் யார் முகம் இருக்கிறது? யார் முகமும் இல்லை, ஒரு தாமரைப்பூ! படம் என்றதும் பின்வரிசைக்கு ஓடுகிறோம். முந்தானையால் மூடுகிறோம். பல்லு சரியில்லை, பவுடர் போடவில்லை, இன்னொரு நாள் பார்க்கலாம் என்கிறோம். எந்த நாள்?

இதோ காமினி வந்திருக்கிறாள். வலையும் கட்டியாயிற்று. சாப்பாட்டுக்கு முன்னால் எல்லோரும் மேடைக்கு வாருங்கள். சுதர்ஷினி, நீ முதல் வரிசை. பேச விட்ட தலைவிக்கும், பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும் நன்றி, வணக்கம். பேஸ்புக் பார்க்கும் பிள்ளைகளே, அந்தத் தாமரையை எடுத்துவிட்டு இன்றைய படத்தைப் போடுங்கள்!