தொக்குப் புட்டிக்கு நாற்பதாம் நிலை

அவைத்தலைவர் தொதோர்கா அம்மையார் அவர்களே! விதி வகுத்து வகுத்தே விரல் தேய்ந்த ஆட்ட நிர்வாகி பிளாமென் அவர்களே! பாலாடைக்கட்டிப் பனித்சா சுட்டு மூட்டை கட்டி வந்திருக்கும் தாய்மார்களே! நான் பேசி முடிப்பதற்குள் அதைத் தின்று தீர்க்கத் துணிந்துவிட்ட பின்வரிசைப் பெரியோர்களே! 'ஏழு துறை' என்னும் நம் இணைய ஆட்டத்தில், தட்டச்சு வரிகளாலேயே வேடம் கட்டி வீராதிவீரர்களாய் உலவிவிட்டு, ஆண்டுக்கொரு முறை ரூசே நகரத்து வாசகசாலையில் ஒருவர் தொப்பையை ஒருவர் பார்த்துத் திகைக்கும் என் தோழர்களே! தலை தாழ்ந்த வணக்கம்.

தலை தாழ்ந்ததற்குக் காரணம் உண்டு. நாற்பதாம் நிலையில் வீற்றிருக்கும் மாமந்திரவாதி வெலிமிர் நான்தான். கை தட்டாதீர்கள். தட்டிய கையால் அடிக்க வருவீர்கள்.

போன கோடையில் பிளாமென் அறிவித்தார்: ஆட்டத்தில் எல்லோரும் கலந்துகொள்ள வேண்டும், ஆகவே எழுதும் ஒவ்வொரு வரிக்கும் ஓர் அனுபவப் புள்ளி! மறுநாளே நான், 'வெலிமிர் தாடியைத் தடவுகிறார்' என்று ஒரே ஒரு வரி எழுதினேன். என்டர் பொத்தானின் மேல் ஒரு லியூத்தெனித்சாப் புட்டியைத் தூக்கி வைத்தேன். வீட்டில் கிண்டிய குடைமிளகாய்த் தொக்கு, முக்கால் கிலோ. வைத்துவிட்டுச் சந்தைக்குப் போய்விட்டேன். பொத்தான் அமுங்கியே இருந்தால் கடைசி வரி தானே திரும்பத் திரும்பப் போகும்; ஆனால் நிமிடத்துக்கு ஒன்றுக்கு மேல் ஆட்டம் ஏற்காது. எட்டு நாள். பதினோராயிரத்துச் சொச்சம் முறை தாடி தடவினார் வெலிமிர்!

யாராவது ஏனென்று கேட்டீர்களா? "தொந்தரவு பண்ணாதீங்கப்பா, பெரியவரு யோசிக்கிறாரு" என்று விலகி நடந்தீர்கள். இதோ, இரண்டாம் வரிசை அம்மா, 'அவர் மௌனத்தில் ஆழம் தெரிகிறது' என்று எழுதினீர்களே! அது புட்டியின் ஆழம், தாயே! என் மனைவி இஸ்க்ரா, "ஏங்க, தொக்கு எங்க?" என்று ரொட்டியும் கையுமாக வந்து புட்டியைத் தூக்கிப் போனபோதுதான் தவம் கலைந்தது. இனி அந்தப் புட்டி அந்தப் பொத்தானைத் தொடாது என்று அன்றே அவளிடம் சத்தியம் செய்தேன்.

சிரியுங்கள். சிரித்து முடித்துவிட்டுக் கேளுங்கள்.

அந்த எட்டு நாட்களில் ஒருநாள், ஆட்டத்திலுள்ள நம் ஆற்றங்கரைக்கு ஒரு புதியவன் வந்தான். பெயர் கலின். லாரி ஓட்டுபவன். தர்பூசணிப் பாரத்தோடு எல்லைப் பாலத்து வரிசையில் பத்தொன்பது மணி நேரம் சிக்கி, பேச்சுக்கு ஆளின்றி, கைப்பேசியில் நம் ஆட்டத்தைத் திறந்தான். கரையிலே பன்னிரண்டு பேர். ஒருவர் தம் வாளை வருணிக்கிறார். ஒருவர் தம் போர்வையை வருணிக்கிறார். ஒருவர் தம் குதிரையின் பிடரி மயிரை ஒவ்வொன்றாக வருணிக்கிறார்! வரிக்கு ஒரு புள்ளியாயிற்றே, வாய் திறந்து, வந்தவனை வா என்று சொல்ல நேரம் ஏது?

பாவம், அவன் என்னைக் கேட்டான். "ஐயா, அக்கரைக்கு எப்படிப் போறது?" தாடியைத் தடவினேன். "ஐயா, உங்களத்தான்." தடவினேன். "நான் ஏதாச்சும் தப்பாக் கேட்டுட்டேனா?" தடவினேன், தோழர்களே, தடவினேன்!

அப்போதுதான் ஓடக்காரன் ஸ்தாமோ பேசினான். "அவருக்குக் காது மந்தம். நீ வா தம்பி. என்ன சரக்கு?"

"தர்பூசணிண்ணே."

"மிதக்குமா?"

"தெரியலியே."

"ஒண்ணத் தூக்கிப் போடேன், பாத்துருவோம்!"

தட்டச்சு வரியிலேயே போட்டான். மிதந்தது. இன்னொன்று போட்டான். பன்னிரண்டு வீரர்களும் வாளை வீசி, போர்வையை உதறி, ஆற்றில் குதித்துப் பழம் பிடித்தார்கள்! ஒன்பது ஆண்டில் அப்படியொரு ஆட்டம் ஆடினோமா? ஆடினோமா?

அந்த ஓடக்காரன் யார்? அதோ, தூணுக்குப் பின்னால் முகத்தை மறைக்கும் நெவேனா. டிராலி பேருந்து அலுவலகத்தில், ஒரு வண்டிக்கும் மறு வண்டிக்கும் இடையே இரண்டு சொல் தட்டும் நெவேனா. அன்று அவள் எழுதியது ஒன்பது வரி. பெற்றது ஒன்பது புள்ளி. அதே ஒரு மணி நேரத்தில் என் தொக்கு பெற்றது அறுபது!

இப்போது என்ன சொல்கிறது புதிய விதி? ஐந்நூறு புள்ளி எட்டாத வேடங்கள் கியோர்கி திருநாளன்று அழிக்கப்படும். நெவேனாவுக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு. ஸ்தாமோ சாவான், தொக்கு வாழும்! அடுக்குமா இது?

"யோவ், வரியத்தான்யா எண்ண முடியும்! நல்ல மனச எப்படி எண்றது?" என்கிறார் பிளாமென். எண்ணத் தெரியவில்லை என்பதற்காக ஆளையே அழிப்பதா, ஐயா?

என்னம்மா நெவேனா? "விடுங்கண்ணே, வேற வேஷம் கட்டிக்கிறேன்" என்கிறாயா? கட்டுவாய், தாயே. கரையிலே நனைந்து நிற்பவனை அந்த வேடமும் கூப்பிடும், அதையும் இவர்கள் அழிப்பார்கள்!

கலின், எழுந்து நில் அப்பா. வெட்கப்படாதே. உரக்கச் சொல்.

"அன்னிக்கு அந்தக்கா பேசலேன்னா, அப்பவே மூடிட்டுப் போயிருப்பேன். திரும்பி வந்தே இருக்க மாட்டேன்."

கேட்டீர்களா? இதுதான் கணக்கு! ஒவ்வொரு காட்சி முடிவிலும், 'இன்று என்னை ஆட வைத்தவர் இன்னார்' என்று ஆளுக்கொரு பெயர் சொல்வோம். அந்தப் பெயருக்குப் போகட்டும் புள்ளி! எழுதிக் குவித்தவனுக்குப் போதும் கொடுத்தது. எழுத வைத்தவளுக்குக் கொடுங்கள்! அழித்தே தீர வேண்டுமா? வெலிமிரை அழியுங்கள். நாற்பது நிலையையும் நடு ஆற்றில் கொட்டுங்கள். ஸ்தாமோ கரையில் நிற்கட்டும், கையை உயர்த்துங்கள்!

உயர்ந்த கைகளுக்கும், உயராமல் பனித்சா பிடித்திருக்கும் கைகளுக்கும், பொறுமை காத்த தலைவர் அம்மையாருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. வணக்கம்.

மன்னிக்கவும், கைப்பேசி துடிக்கிறது. இஸ்க்ரா எழுதியிருக்கிறாள்: "காலைல இருந்து தேடுறேன், மறுபடி கம்ப்யூட்டர்ல அந்தப் பொத்தான் மேலதான் இருக்கு தொக்கு. எடுக்கவா, வேணாமா?"