பதினோராவது அட்டை

இந்த நாற்காலி பரவாயில்லை. எங்கள் பதிவறையில் எனக்குக் கொடுத்திருப்பதற்கு ஒரு கால் குட்டை. இருபத்தாறு வருஷமாக அதன் கீழே காகிதத்தை மடித்து வைத்துத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் கேளுங்கள் இன்ஸ்பெக்டர் அம்மா, எனக்கு அவசரமில்லை. களைப்பாக மட்டும் இருக்கிறது. வக்கீல் வேண்டாம் என்றதும் அதனால்தான்.

சிறைக்குள் வரும் ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை உண்டு. எந்தப் பிரிவில் தண்டனை, எத்தனை வருஷம், எப்போது விடுதலை என்று எழுதி, பிரிவுவாரியாக மரத் தட்டுகளில் அடுக்கி வைப்பது என் வேலை. அந்தத் தட்டுகளுக்கு முன்னால் வருஷக்கணக்காக உட்கார்ந்தவனுக்குச் சட்டத்தின் மேல் பெரிய மயக்கம் எதுவும் மிஞ்சாது. நான் சேர்ந்தபோது வெளிநாட்டு வானொலி கேட்டதற்காக ஒரு தட்டு நிறைய ஆட்கள் இருந்தார்கள். ஆட்சி மாறியது, தட்டு காலி. போர்க்காலத்தில் சர்க்கரை பதுக்கிய ஒருவரை நான்தான் பதிவு செய்தேன். போர் முடிந்ததும் அவர் வியாபாரிகள் சங்கத் தலைவராகி, எங்கள் சிறைக்கே விருந்தினராக வந்து நேர்மையைப் பற்றி அரைமணி நேரம் பேசிவிட்டுப் போனார். நாங்கள் கை தட்டினோம்.

என் விஷயத்துக்கு வருகிறேன். என் மனைவிக்குப் பார்வை மங்கலாகி, மூக்குக்கண்ணாடி வாங்கக் கடைக்குப் போனாள். கண்ணாடிக்கடைக்காரன் தனி ஆள், மெதுவாகப் பேசுகிறவன். கண்ணாடி ஒரே வாரத்தில் தயாராகிவிட்டது. அவள் போவது நிற்கவில்லை. ஒரு நாள் மதியம் நான் வீட்டுக்கு வந்தபோது அவன் எங்கள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தான்.

அன்றைய சட்டப்படி, கணவன் புகார் கொடுத்தால்தான் அது குற்றம். அவன் வாயை மூடிக்கொண்டால் ஒன்றுமே நடக்கவில்லை என்று அர்த்தம். நான் மூடிக்கொள்ளவில்லை. கண்ணாடிக்கடைக்காரனுக்கு ஏழு வருஷம் கொடுத்தார்கள், எங்கள் சிறையிலேயே. மனைவிக்குத் தண்டனை கிடையாது. கணவன் பொறுப்பில் அனுப்பிவைப்பார்கள். ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம், அடுத்த நாட்டில், என் தங்கை வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். அவள் போனில் சொன்னாள்: "அண்ணா, இதுக்கெல்லாமா ஜெயில்ல போடுவாங்க? இங்க சேர்ந்து இருக்கப் பிடிக்கலைன்னா பிரிச்சு விட்டுடுவாங்க. அதோட முடிஞ்சுது." நடந்தே பத்து நிமிஷத்தில் கடக்கிற பாலம் அது. என் தாத்தா காலத்துச் சட்டப் புத்தகமும் எங்கள் அலமாரியில் இருக்கிறது. அதன்படி, கையும் களவுமாகப் பிடித்த கணவன் அங்கேயே வெட்டிப் போட்டிருந்தாலும் மூன்று மாதம்தான். நான் அவனை ஓர் அடிகூட அடிக்கவில்லை. இதையும் நீங்கள் பார்க்க வேண்டும்.

இரண்டாம் வருஷம் அந்தப் பிரிவையே எடுத்துவிட்டார்கள். அதன் கீழ் இருப்பவர்களை முப்பது நாளில் விட வேண்டும், பதிவறை பட்டியல் தயாரிக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. கண்காணிப்பாளர் என்னைக் கூப்பிட்டார். நல்ல மனிதர். என் கதை அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும்.

"உங்களுக்குச் சங்கடமா இருந்தா வேற யாரையாவது எழுதச் சொல்லட்டுமா?" என்றார்.

"பரவாயில்லை சார், வேலைதானே," என்றேன்.

தட்டில் பதினொரு அட்டைகள். பத்துப் பேரை எழுதினேன். பதினோராவது அட்டையைப் பக்கத்துத் தட்டில், வீடு புகுந்து திருடியவர்களோடு வைத்தேன். பிரிவையும் அதற்கேற்ப மாற்றி எழுதினேன். கண்காணிப்பாளர் பட்டியலைப் படித்திருந்தால் தெரிந்திருக்கும். எனக்குச் சங்கடம் தரக்கூடாது என்று, பெயர்களையும் பார்க்காமல் என் முகத்தையும் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். மற்றவர்களும் அப்படித்தான். அந்தப் பெயரை என் காதுபட யாரும் சொல்வதில்லை. அவ்வளவு மரியாதையானவர்கள் எங்கள் அலுவலகத்தில்.

சட்டத்தைத் திருத்துவது என் நோக்கமில்லை. அன்று காலை செய்தி வந்ததும் என் மனைவி கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை எடுத்துத் துணிகளை அடுக்கினாள். மறைக்கவில்லை, சண்டையும் போடவில்லை. அந்தப் பெட்டியைப் பார்த்து நான் பயந்துபோனேன். அவ்வளவுதான் காரணம். சாயங்காலம் வந்து அவளிடம் சொன்னேன், "அவனை இன்னிக்கே விட்டாச்சு. நேரா பாலத்தைத் தாண்டிப் போயிட்டானாம்."

"என்னைக் கேக்கலையா?"

"யாரையும் கேக்கலை."

பெட்டி ஒன்பது நாள் கதவோரம் இருந்தது. பத்தாம் நாள் துணிகளைத் திரும்ப அலமாரியில் வைத்தாள். அன்று அவள் அழுதபோது தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தது நான்தான்.

கூட இருந்தவர்கள் வெளியே போனதைப் பார்த்த பிறகு, கண்ணாடிக்காரன் பதிவறை ஜன்னலுக்கு வந்தான்.

"சார், என் பேரு விட்டுப்போச்சு போல."

"பாக்கறேன்."

"நான் உங்களுக்குப் பண்ணது தப்புதான். ஆனா இப்ப அந்தச் சட்டமே இல்லைன்னு சொல்றாங்களே."

"மேல கேட்டிருக்கேன். வரும், இருங்க."

பிறகு, "உங்க கண்ணாடி ஒரு பக்கம் தொங்குது சார், குடுங்க," என்று கையை நீட்டினான். விரலாலேயே வளைத்துச் சரிசெய்து, சட்டையில் துடைத்துக் கொடுத்தான். இப்போது போட்டிருப்பது அதுதான். அதன் பிறகு ஆடவே இல்லை.

மூன்று மனு போட்டான். மனுக்கள் சரிபார்க்கப் பதிவறைக்குத்தான் வரும். வேறு பிரிவில் தண்டனை பெற்றவர், விடுதலை பொருந்தாது என்று மூன்றிலும் எழுதினேன். அவளுக்கு எழுதிய கடிதங்களும் தணிக்கைக்கு என் மேஜைக்கே வந்தன. பிரிக்காமலே கிழித்தேன். அடுத்தவர் கடிதத்தைப் படிப்பது எனக்குப் பிடிக்காது.

இப்படி நாலு வருஷம். போன மாதம் அவனுக்கு நெஞ்சில் சளி கட்டியது. ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதற்குள் முடிந்துவிட்டது. இறந்தால் யாருக்குத் தெரிவிப்பது என்று உள்ளே வரும் அன்றே கேட்டு எழுதிக்கொள்வார்கள். அது வாசல் காவலரின் பேரேட்டில் இருக்கும், என் அட்டையில் இருக்காது. அவன் என் மனைவி பெயரைக் கொடுத்திருந்தான். நான் அதை யோசிக்கவே இல்லை. வீட்டுக்கு வந்த இறப்புக் கடிதத்தை அவள் வாசலில் நின்றபடியே படித்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு நேராக உங்களிடம் வந்துவிட்டாள்.

என்னை எந்தப் பிரிவில் போடுவது என்று நீங்கள் யோசிப்பது தெரிகிறது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இதற்கு ஒரு வருஷச் சம்பள உயர்வை வெட்டியிருப்பார்கள். இன்று பத்து வருஷம் என்கிறார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஆயுள் தண்டனையாம். எதுவானாலும் சரி. அட்டையை மாற்றியது நான், மனுக்களைத் தள்ளியது நான், குற்றமே இல்லாத ஒருவனை நாலு வருஷம் உள்ளே வைத்துச் சாகவிட்டதும் நான்தான். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை.

ஒன்றை மட்டும் கடைசியில் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த நாலு வருஷத்தில் அவள் ஒரு நாள்கூட என்னை விட்டுப் போக நினைத்ததில்லை.