கடைசி அத்தியாயம் பாக்கி: பேராசிரியர் ஞானஜோதி அவர்களின் பணி நிறைவுக்கு

வணிகவியல் துறையின் வற்றாத வளமே! ஐந்தொகை ஒருநாளும் இடறாத அறிவே! அஸ்தினாபுரத்தில் ஸ்கூட்டியைக் கிளப்பி, ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பின் நெரிசலிலும் நெற்றி சுருங்காமல் வந்து சேரும் நிதானமே! முப்பதாண்டுக்கு மேல் கற்பித்தும் குரல் உயர்த்தாத குணக்குன்றே! நாவல் எழுதுவதை எவரிடமும் மறைக்காத, எழுதியதை எவர் வாயிலும் திணிக்காத பெருந்தகையே!

வணக்கம்.

இம்மடல் பின்னர் கண்ணாடிச் சட்டத்துக்குள் போகவிருப்பதால், அடைமொழிகளைத் தாராளமாகவும் உண்மைகளைச் சிக்கனமாகவும் பயன்படுத்துமாறு கல்லூரி முதல்வர் அறிவுறுத்தினார். அடைமொழிகள் மேலே உள்ளன.

தேர்வு மேற்பார்வை என்றதும் எங்களுக்கெல்லாம் முதுகுவலியும், உறவினர் திருமணமும், ஊரில் அவசர வேலையும் ஒரே வாரத்தில் வந்து சேரும். தாங்களோ எங்கள் முறைகளையும் வலியக் கேட்டு வாங்கினீர்கள். அதைத் தியாகம் என்று கருதிய பொருளியல் துறை ஹரிபிரசாத், "எங்க டூட்டியையும் எடுத்துக்கிறீங்களே மேடம், உங்களுக்குச் சிலையே வைக்கலாம்" என்று உருகினார்.

"வைக்காதீங்க சார். மூணு மணி நேரம் போன் கிடையாது, பேச்சு கிடையாது, காபிக்குக் கூப்பிட ஆள் கிடையாது. எனக்கு வேற எங்க கிடைக்கும்?" என்றீர்கள்.

அப்படித்தான் தங்கள் நாவல் நடந்தே உருவானது. தேர்வறையில் வரிசைகளுக்கு நடுவே நடந்து நடந்து ஒரு காட்சியை மனத்தில் கட்டுவீர்கள். விடைத்தாள்களைக் கட்டி ஒப்படைத்த கையோடு, ஆசிரியர் அறைக்கு வந்து அதை எழுதுவீர்கள். தங்கள் அறையில் ஒரு மாணவன்கூடக் காப்பியடித்ததில்லை. மேடம் தன்னையே உற்றுப் பார்ப்பதாக ஒவ்வொருவனும் நம்பினான். தாங்கள் பார்த்துக்கொண்டிருந்தது ஓவியாவை.

ஓவியாவை அறியாத விருந்தினர்களுக்காக: அவள் தங்கள் நாவலின் நாயகி. சேலையூரில் தனியே வசிப்பவள். ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் கணக்கு பார்ப்பவள். பத்தாண்டுகளுக்கு முன் சொல்லாமல் போன கணவன் ஒரு மாலை போன் செய்து, தாம்பரம் ஸ்டேஷனில் காத்திருப்பதாகச் சொல்கிறான். கதை அங்கே நிற்கிறது. கடைசி அத்தியாயம் இன்னும் எழுதப்படவில்லை.

சென்ற ஆண்டு ஹரிபிரசாத், ஆங்கிலத் துறை ஜோசலின், தாவரவியல் துறை வெற்றிவேல் ஆகிய மூவரிடம் தாங்கள் நகல் கொடுத்துக் கருத்துக் கேட்டீர்கள். ஒரே வாரத்தில் மூவரும் "சூப்பர் மேடம்" என்றனர்.

"எது சூப்பர்?"

"ஃப்ளோ மேடம்" என்றார் ஜோசலின்.

அந்த ஃப்ளோவின் நடுவே தாங்கள் ஒரு வரியைச் செருகி வைத்திருந்தீர்கள்: 'இதைப் படிப்பவருக்குக் கேம்ப் ரோட்டில் மட்டன் பிரியாணி வாங்கித் தரப்படும்.' பிரியாணி கேட்டு ஒருவரும் வரவில்லை. விடைத்தாள் திருத்திப் பழகிய கைகள் பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் டிக் போட்டிருந்தன. பிரியாணி வரியின் மேலேயே ஹரிபிரசாத்தின் டிக் இருந்தது. வெற்றிவேல் முகப்பில் மதிப்பெண்ணே இட்டிருந்தார்: அறுபத்திரண்டு.

"பழக்கதோஷம் மேடம். ஆனா ஃபர்ஸ்ட் கிளாஸ்தான் போட்டிருக்கேன்" என்றார்.

தாங்கள் சிரித்தீர்கள், நாங்களும் சிரித்தோம். அடுத்த தேர்வுக் காலத்தில் தாங்கள் யாருடைய முறையையும் கேட்டு வாங்கவில்லை. கேன்டீனில் ஒருநாள், "நாலு பக்கம் தாண்ட முடியாத மாதிரிதான் எழுதியிருக்கேன் போல. வேலையோட சேர்த்து இதுக்கும் ரிட்டயர்மென்ட்" என்றீர்கள். எழுதிய வரியை மறுநாளே நம்பாமல் அடிப்பதும், முதல் அத்தியாயத்தை ஆண்டுக்கொரு முறை புதிதாகத் தொடங்குவதும் தங்கள் வழக்கமென நாங்கள் அறிவோம். ஆனால் இம்முறை, பிறருடைய சோம்பலைத் தங்கள் எழுத்தின் குறையாக வரவு வைத்துக்கொண்டீர்கள். வணிகவியல் பேராசிரியர் ஒருவர் செய்யக் கூடாத பிழை அது.

எனவே கடந்த மாதம் அந்த நாவலை ஆசிரியர் அறை முழுவதும் படித்தது. பேனா இல்லாமல் படித்தது. பாராட்டு மடலில் குறை கூறும் மரபில்லை, இருந்தாலும் கூறுகிறோம். ஆறாம் அத்தியாயம் நகரவில்லை. மாமியார் நம்ப முடியாத அளவுக்கு நல்லவர். ஒரு மழை அதிகம். ஆனால், போனை வைத்த பிறகும் ஓவியா குக்கர் விசிலை எண்ணிக்கொண்டிருக்கும் இடத்தைப் படித்த ஜோசலின், வகுப்புக்குப் போக மறந்தார். மாணவர்கள் இதைப் பெருந்தன்மையுடன் ஏற்றுக்கொண்டனர்.

படித்ததன் விளைவு வேறொன்றும் உண்டு.

"பத்து வருஷம் காணாமப் போனவன் ஸ்டேஷன்லயே நிக்கட்டும். இவ எதுக்கு ஓடணும்?" என்றார் ஜோசலின்.

"போகட்டும் மேடம். போய் நாலு கேள்வி கேக்கட்டும். கேக்காம எப்படித் தூங்குவா?" என்றார் ஹரிபிரசாத்.

"உங்க வூட்டுக்காரம்மா இப்படிப் பண்ணியிருந்தா நீங்க போவீங்களா சார்?"

"அவங்களை ஏன் இழுக்கிறீங்க?"

"ஏம்பா, சண்டை எதுக்கு? ஞானஜோதி மேடம் எழுதினா தெரிஞ்சுடப் போவுது" என்று வெற்றிவேல் குறுக்கிட்டார். மேடம் இனி எழுதப் போவதில்லை என்பது அப்போதுதான் அனைவருக்கும் நினைவு வந்தது. அன்று முதல் ஜோசலினும் ஹரிபிரசாத்தும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. அடுத்த செமஸ்டர் கால அட்டவணையை அவர்கள் சேர்ந்து தயாரிக்க வேண்டும். இன்று வரை தயாராகவில்லை.

எங்கள் அன்புக்குரிய அம்மையீர்! இவ்விடத்தில் 'இனி ஓய்வெடுங்கள்' என்று எழுதுவது முறை. நாங்கள் எழுதவில்லை. கண்ணும் காலும் மூட்டும் முதுகும் கடைசிவரை சொன்னபடி கேட்க, நலம் பல பெற்று நெடுங்காலம் வாழ்க! எழுத்தைப் பற்றிய ஐயமும் தங்களோடு இருந்துவிட்டுப் போகட்டும். அதை வீட்டைவிட்டுத் துரத்தும் வழி எங்களுக்குத் தெரியாது. எழுதியது நன்றாக இருக்கிறதா என்று மட்டும் எங்களிடம் கேட்க வேண்டாம். அதற்கு நாங்கள் தகுதியற்றவர்கள் என்பது நிரூபணமாகிவிட்டது.

ஓவியா போனாளா, இல்லையா என்று சொல்லுங்கள். ஒரு காலில் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலிலேயே நிற்கிறாள். தாங்கள் எழுதாவிட்டால் அவளால் உள்ளேயும் போக முடியாது.

இங்ஙனம்,
பதிலுக்குக் காத்திருக்கும்
ஆசிரியர்கள், அலுவலர்கள்